வேடன் என்னும் விண்மீன்

மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று திங்களும் மும்பையின் வானம் தெளிந்திருக்கும் காலம். ஆனி முதல் புரட்டாசி வரை அரபிக்கடலிலிருந்து திரண்டு வரும் கார்மேகங்கள் ஓய்ந்து, காற்றும் சிறிது குளிர்ந்திருக்கும். இந்நாட்களில் மாட்டுங்காவின் மரநிழல் வீதிகளிலோ, செம்பூரின் குடியிருப்பு மாடிகளிலோ, தாராவியின் நெருங்கிய கூரைகளுக்கு இடையிலோ நின்று இரவில் தெற்கு நோக்குவோர் ஒரு விண்மீனைக் காணாதிருக்க இயலாது. நகரத்து விளக்கொளி சிறு மீன்களையெல்லாம் விழுங்கிய பின்னரும் அது நீலம் கலந்த வெண்ணிறத்துடன் பளிச்சிட்டு நிற்கும். அதனை மேலைநாட்டார் சிரியஸ் என்பர். நம் பக்கத்து வீட்டு மராத்தியர் வியாத் என்பர். வேடன் என்பது அதன் பொருள். வெள்ளி, வியாழன் முதலிய கோள்களை ஒதுக்கிவிட்டால், இரவு வானத்தில் இதனினும் ஒளி மிக்க விண்மீன் வேறொன்று இல்லை.

இதனைக் கண்டுகொள்ளுதல் எளிது. புரிந்துகொள்வதற்கோ மனித குலத்திற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றின் தலையாய பகுதி ஒன்று, அந்நாளில் பம்பாய் என வழங்கிய இதே நகரின் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்றில் நிகழ்ந்தது. அதற்குரியவர் 19 வயதே நிரம்பிய தமிழ் இளைஞர். பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தாயகம் விட்டு வந்து இந்நகரில் வாழும் நாம், அந்த விண்மீனின் கதையையும் அந்த இளைஞரின் கதையையும் சேர்த்தே அறிந்திருப்பது தகும்.

கண்டுகொள்ளும் வழி

முதலில் விண்மீனைக் கண்டுகொள்வோம். நான்கு மூலைகளில் நான்கு மீன்களும், நடுவே ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்களும் கொண்ட ஒரு பெரிய கூட்டம் பனிக்காலத்து முன்னிரவில் கிழக்கில் எழும். அதன் வடபுறத்தில் சிவந்து ஒளிர்வது நம் திருவாதிரை. நடுவிலுள்ள மூன்று மீன்களை ஒரு கோடாகக் கொண்டு, அக்கோட்டைத் தென்கிழக்காக நீட்டுக. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்துப் பிடித்தால் ஒரு சாண் தொலைவில் அக்கோடு வேடனிடம் கொண்டுபோய் விடும். அதே கோட்டை எதிர்த்திசையில் நீட்டினால் செம்மை படர்ந்த உரோகிணியும், அதற்கப்பால் கார்த்திகைக் கூட்டமும் தோன்றும்.

மார்கழிப் பிற்பகுதியில் இரவு 9 மணிக்கு மும்பையில் இது தென்கிழக்கே தாழ்ந்து நிற்கும். தாழ்ந்திருக்கும்போது சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறிச் சிமிட்டும். அந்த ஆட்டம் விண்மீனுடையதன்று. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அலைவினால் நேர்வது. மாசி நடுவில் அதே 9 மணிக்கு இது நேர் தெற்கே தன் உச்சத்தை அடைந்திருக்கும். அவ்வாறு உச்சத்தில் நிற்கும்போது அதன் உயரம் கன்னியாகுமரியில் ஏறத்தாழ 65 பாகை, சென்னையில் 60, மும்பையில் 54, தில்லியில் 45. ஊரில் பார்த்த அதே விண்மீன் இங்கே மூன்று விரற்கடை தாழ்ந்து நிற்கிறது. நாம் எவ்வளவு வடக்கே வந்துவிட்டோம் என்பதற்கு வானமே வைத்த அளவுகோல் இது.

பழைய கதையும் பழைய கணக்கும்

வேடன் என்ற பெயர் மிகப் பழையது. ஐதரேய பிராமணம் என்னும் வேத நூல் இதற்கு ஒரு கதை கூறுகிறது. பிரஜாபதி மான் உருக்கொண்டு, பெண்மான் உருவிலிருந்த தன் மகளையே பின்தொடர்ந்தான். தேவர்கள் சினங்கொண்டு தோற்றுவித்த வேடன் அவன்மீது அம்பெய்தான். மான் வானத்தில் மிருகம் என்னும் மீன்கூட்டமாயிற்று, மகள் உரோகிணியானாள், எய்தவன் மிருகவியாதன் ஆனான், மூன்று கணுக்களை உடைய அம்பும் அங்கேயே நிலைத்தது. நாம் கோடாகக் கொண்ட அந்த மூன்று மீன்களே அந்த அம்பு என்பர். வேடனைக் கண்டுகொள்ளும் வழி அவன் கதையிலேயே பொதிந்திருக்கிறது. அம்பு சென்ற வழியே திரும்பினால் எய்தவனைக் காணலாம்.

கதையோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. சூரிய சித்தாந்தம் என்னும் வானநூல், மிருகவியாதனின் இடத்தை மிதுனத்தில் 20 பாகை என்றும், சூரியன் செல்லும் பாதைக்குத் தெற்கே 40 பாகை என்றும் வரையறுக்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் குறித்த இந்தத் தென்தொலைவு, இன்றைய அளவையோடு ஏறக்குறைய முழுவதும் ஒத்திருக்கிறது. பண்டை எகிப்தியரோ இவ்விண்மீன் சூரிய ஒளியில் மறைந்திருந்து விடியற்காலையில் முதன்முதலாக மீண்டும் தோன்றும் நாளை நைல் நதியின் வெள்ளத்திற்கு அறிகுறியாகக் கொண்டனர்.

ஆயினும் விண்மீன்கள் என்றும் அசையாதவை என்பதே எல்லா நாட்டாரின் நம்பிக்கையாக இருந்தது. 1718-இல் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி, பழைய கிரேக்கப் பதிவுகளைத் தம் காலத்து அளவைகளோடு ஒப்பிட்டு, வேடனும் வேறு சில ஒளிமிக்க மீன்களும் இடம் பெயர்ந்திருப்பதைக் காட்டினார். நிலைத்தவை எனக் கருதியவையும் நகர்கின்றன என்பது அன்று தெளிவாயிற்று.

வேடன் நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன்களுள் ஒன்று. அதன் தொலைவு 8.6 ஒளியாண்டுகள். இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தை ஒன்று பிறந்த நாட்களில் புறப்பட்ட ஒளியே இன்றிரவு நம் கண்ணை வந்தடைகிறது. நிறையில் அது சூரியனைப் போல் இரு மடங்கு; ஒளியில் ஏறத்தாழ 25 மடங்கு.

காணாத துணை

ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் பெசல் இந்த நகர்ச்சியைப் பல்லாண்டுகள் நுணுகி அளந்தார். வேடன் நேர்க்கோட்டில் செல்லவில்லை. அலைபோல் சற்றே வளைந்து வளைந்து சென்றது. குழந்தையின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு தந்தை தட்டாமாலை சுற்றும்போது, சுழல்வது குழந்தையே ஆயினும் தந்தையின் உடலும் சிறிது ஆடும் அன்றோ? அவ்வாறே கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்று வேடனைப் பற்றிச் சுழல்கிறது என்று பெசல் 1844-இல் அறிவித்தார். அதனை அவர் கண்டாரில்லை. கணக்கு ஒன்றே அவருக்குச் சான்று.

18 ஆண்டுகள் கழித்து, 1862 ஜனவரி 31-ஆம் நாள், அமெரிக்காவில் கண்ணாடி வில்லைகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்வன் கிரகாம் கிளார்க், புதிதாகக் கடைந்த 18½ அங்குல வில்லை ஒன்றைச் சோதிப்பதற்காக வேடனை நோக்கித் திருப்பினார். பெருஞ்சுடரின் அருகே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. பெசல் கூறிய துணை அதுவே. அதன் ஒளி வேடனின் ஒளியில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு. அது ஒருமுறை சுற்றி வர 50 ஆண்டுகள் ஆகின்றன.

இங்கேதான் புதிர் தொடங்கியது. சுற்றும் வேகத்தைக் கொண்டு கணித்தால் அத்துணையின் நிறை சூரியனை ஒத்திருந்தது. ஒளியோ மிகக் குறைவு. எனவே அது குளிர்ந்து மங்கிய மீனாக இருக்கும் என்று பலர் கருதினர். 1915-இல் வால்ட்டர் ஆடம்ஸ், மவுண்ட் வில்சன் வான்நோக்ககத்தில் அதன் ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது அது வெண்மையாகக் கொதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கொதிக்கும் மீன் இவ்வளவு மங்கலாகத் தோன்றுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அது மிகச் சிறியது. இன்றைய அளவையின்படி அதன் பருமன் நம் பூமியினும் சற்றுக் குறைவு; நிறையோ சூரியனைப் போன்றது. அதிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு பொருளை எடுத்துவர முடிந்தால் அதன் எடை ஒரு டன்னுக்குக் குறையாது. இத்தகைய மீன்களுக்கு வெண் குறுமீன்கள் என்று பெயர்.

எரிபொருள் தீர்ந்த ஒரு மீன், தன் எடையே தன்னை நசுக்கும் நிலையில், எதனைத் தாங்கி நிற்கிறது? 1926-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரால்ப் பவுலர் விடை கண்டார். மும்பை மின்ரயிலில் மூவர் இருக்கையில் நால்வர் அமர்ந்து செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எலெக்ட்ரான்களின் உலகில் அந்த ஏற்பாட்டிற்கு இடமில்லை. ஒன்றுக்குரிய இருக்கையில் மற்றொன்று அமரவே முடியாது. கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால், எஞ்சியவை மேன்மேலும் வேகம் மிக்க படிகளுக்கு ஏறியாக வேண்டும். நசுக்க நசுக்க எலெக்ட்ரான்களின் வேகம் பெருகி, அந்த வேகமே அழுத்தமாகி மீனைத் தாங்குகிறது. இதனால் எந்த மீனும் இறுதியில் வெண் குறுமீனாகி அமைதி பெறும் என்று அறிஞர்கள் எண்ணினர்.

கணக்கர் குடும்பத்து மகன்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே தணிக்கைக் கணக்குத் துறையில் உயர் அலுவலர். லாகூர், பிறகு லக்னோ, பிறகு சென்னை என்று அக்குடும்பம் பணி மாற்றத்தின் வழியே ஊர் மாறியது. அவருடைய சிற்றப்பா சர் சி. வி. இராமனும் இளமையில் கல்கத்தாவில் மத்திய அரசின் நிதித்துறையில் பணியாற்றியவரே. மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்து மூட்டை கட்டுவதும், மொழி தெரியாத ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதும் அக்குடும்பத்திற்குப் புதியன அல்ல. தாய் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கிய கல்வியாளர்.

சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1928-இல் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது மாணவர் தாமே சென்று அவரைக் கண்டார். தாம் படித்திருந்த அணுவியல் பழையதாகிவிட்டது என்பதை அவரிடம் அறிந்து, புதிய கொள்கையை முயன்று கற்றார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய ஆய்வுரை ஒன்று, பவுலரின் துணையால் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. மகன் ஐ.சி.எஸ். அலுவலராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளம் விரும்பியதையே அவன் செய்யட்டும் என்பது தாயின் நிலை. அரசாங்க உதவித்தொகை கிடைத்து, கேம்பிரிட்ஜில் பவுலரிடமே பயிலும் வாய்ப்பும் வந்தது.

அவ்வேளையில் தாய் கடுமையாக நோயுற்றிருந்தார். பயணத்தை நிறுத்திவிடலாமா என்று மகன் தயங்கினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர் அந்தத் தாயே.

கப்பலில் ஒரு கணக்கு

1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'பில்ஸ்னா' என்னும் இத்தாலியக் கப்பல் புறப்பட்டது. அது பருவமழைக் காலம். அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதம். ஆடியில் வேடன் விடியலுக்குச் சற்று முன்னரே எழும். மாலையிலும் நள்ளிரவிலும் அதனை வானில் காண இயலாது. எனவே கப்பல் நகர்ந்த அன்றிரவு, எந்த வகை மீன்களைப் பற்றி அவ்விளைஞர் சிந்தித்துக்கொண்டிருந்தாரோ அவற்றுள் புகழ்பெற்றது வானில் இல்லை.

கையில் இருந்தவை சில நூல்களும் தாளும். வெண் குறுமீனின் மையத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று அவர் கணித்துப் பார்த்தார். அவ்வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியது. அவ்வாறாயின் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையை விட்டுவிட்டுக் கணக்கிடுவது பொருந்தாது. அதனைச் சேர்த்துக் கணக்கிட்டபோது எதிர்பாராத முடிவு கிடைத்தது. எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை மிஞ்ச முடியாது. ஆகவே நிறை கூடக் கூட, எடை ஏறும் அளவிற்குத் தாங்கும் அழுத்தம் ஏறுவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் தாங்குவதற்கு எதுவுமே இல்லை. மீன் சரிந்துகொண்டே போகும். அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல் 1.4 மடங்கு. முதலில் அவர் பெற்ற எண் இதனினும் சிறியது. மீன்களின் உட்பொருளைப் பற்றிய அறிவு தெளிந்த பின்னர் 1.4 என்பது நிலைபெற்றது. இன்று உலகெங்கும் அதற்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

இங்கே ஒன்றை நேர்மையாகக் கூற வேண்டும். எஸ்தோனியாவின் வில்ஹெல்ம் ஆண்டர்சன் 1929-இலும், இங்கிலாந்தின் எட்மண்ட் ஸ்டோனர் 1930-இலும் தனித்தனியே இதனை ஒத்த முடிவுகளை அடைந்திருந்தனர். ஒரு மீனின் உட்புறம் மையம் முதல் மேற்பரப்பு வரை எவ்வாறு அமையும் என்பதை முழுமையாகக் கணித்து, அந்த முடிவின் பொருளை இறுதி வரை பின்தொடர்ந்ததே சந்திரசேகரின் தனிச்சிறப்பு.

கேம்பிரிட்ஜ் சேர்ந்த முதல் ஆண்டு முடிவதற்குள், 1931 மே மாதத்தில், சென்னையில் தாய் காலமானார். ஊருக்குத் திரும்ப வழியில்லை. அவர் மீண்டும் இந்திய மண்ணை மிதித்தது 1936-இல். தொலைவில் இருந்துகொண்டு இழவுச் செய்தி கேட்பது என்னவென்பதை, வடமாநிலங்களில் வாழும் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறுப்பும் பொறுமையும்

1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் ராயல் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானியலில் அவரினும் புகழ் மிக்கவர் இல்லை. சந்திரசேகரின் வேலையை அருகிருந்து அறிந்தவர். தம் மறுப்பை முன்கூட்டிக் கூறாதவர். மீன் சுருங்கிச் சுருங்கி, ஒளியும் வெளியேற முடியாத அளவிற்கு ஒடுங்கிவிடும் என்று இக்கணக்கு சொல்கிறது. இத்தகைய பொருந்தாமையை இயற்கை அனுமதியாது என்பது எடிங்டனின் வாதத்தின் சாரம். அவையில் சிரிப்பெழுந்தது. இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அன்று எவரும் துணை நிற்கவில்லை. போர், பௌலி போன்ற பெரும் இயற்பியல் அறிஞர்கள் அவர் பக்கமே உண்மை இருப்பதைத் தனியே ஒப்புக்கொண்டனர். ஆயினும் பொதுவில் எடுத்துரைக்க முன்வந்தாரில்லை.

எடிங்டன் எள்ளி நகையாடிய அந்த முடிவுதான் பின்னாளில் கருந்துளை என்று பெயர் பெற்றது என்பதே இதில் விந்தை. பெரியவர் அதனைத் தெளிவாகக் கண்டார். கண்டும் நம்ப மறுத்தார்.

சந்திரசேகர் வசைபாடவில்லை, தம் கணக்கைத் திருத்தி எழுதவுமில்லை. 1937-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான்நோக்ககத்தில் பணியேற்றார். 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூல் ஒன்றில் தம் ஆய்வு முழுவதையும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டு, வேறு துறைக்குத் திரும்பினார். எடிங்டனிடம் அவர் கொண்ட மதிப்பும் குறையவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவரது பெருமையைப் போற்றிப் பேசினார்.

காலம் மெல்லத் தீர்ப்பளித்தது. 1967-இல் துடிக்கும் மீன்கள் கண்டறியப்பட்டு, வெண் குறுமீனைக் கடந்தும் மீன்கள் சரிவதுண்டு என்பது உறுதியாயிற்று. அதனைத் தொடர்ந்து கருந்துளைகளுக்கும் சான்றுகள் கிடைத்தன. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பம்பாய்க் கப்பலிலிருந்து கணக்கிட்டால் 53 ஆண்டுகள். வேடனின் துணை ஒருமுறை சுற்றி வருவதற்கு ஆகும் காலத்தினும் சற்று மிகுதி. 1995 ஆகஸ்ட் 21-ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார்.

சந்திராவின் கண்

1999 ஜூலை 23-ஆம் நாள் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே இட்டனர். அதன் தொடக்கக் காலப் படங்களுள் ஒன்று வேடனுடையது. அப்படத்தில் ஓர் அதிசயம் உண்டு. நம் கண்ணுக்குச் சுடராய்த் தெரியும் பெரிய மீன் அதில் மங்கிவிடுகிறது; 10,000-இல் ஒரு பங்கு ஒளியுடைய துணைமீனே பெருஞ்சுடராய் நிற்கிறது. துணையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 25,000 பாகை. எக்ஸ்-கதிரைக் காணும் கண்ணுக்கு அதுவே மேலோங்கித் தெரிகிறது.

இத்துணைமீனின் பழைய வரலாறும் இன்று தெளிவாகியுள்ளது. ஒரு காலத்தில் இரண்டனுள் பெரியது இதுவே. பெரிய மீன் விரைவில் எரிந்து தீரும். அவ்வாறு எரிந்து, தன் உடலின் பெரும்பகுதியை விண்வெளியில் உதறிவிட்டு, உள்ளீடு மட்டும் எஞ்சி நிற்கிறது. எஞ்சிய நிறை சூரியனின் நிறைக்கு ஏறக்குறைய சமம். சந்திரசேகர் எல்லைக்கு உட்பட்டது. ஆதலின் அது சரியாது. மெல்லக் குளிர்ந்துகொண்டே நிலைத்திருக்கும்.

நேயர்களே, இந்தத் தை மாதத்தில் ஓரிரவு உங்கள் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவாதிரையையும், அம்பாக நிற்கும் மூன்று மீன்களையும் காட்டி, ஒரு சாண் அளந்து வேடனைக் காட்டுங்கள். துணைமீனை வெறுங்கண்ணால் காண இயலாது என்றும் சொல்லுங்கள். அது அங்கே இருப்பதைக் கணக்கினால் கண்டவர் ஒருவர். அத்தகைய மீன்களின் எல்லையைக் கணக்கினால் வகுத்தவர், நோயுற்ற தாயை ஊரில் விட்டு, இந்நகரின் துறைமுகத்தில் கப்பலேறிய ஒரு தமிழ்ப்பிள்ளை. அவருடைய கணக்கைப் பிள்ளைகள் வளர்ந்து கற்கட்டும். அவர் புறப்பட்ட துறை இந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது என்பதை இன்றே அறிந்துகொள்ளலாம்.